மரகதம்மா நேற்றே சொன்ன வீக்கம்

வியாழன், இரவு

மரகதம்மா நேற்றே சொன்னார். "ஏனுங்க டாக்டரம்மா, இவருக்கு இடது காலு மட்டும் வீங்குனாப்ல இருக்குதுங்க."

அவர் கணவர் பழனிசாமியைத் தாராபுரத்திலிருந்து கொண்டுவந்து ஆறு நாள் ஆகிறது. ஃப்ளூ காய்ச்சல் நுரையீரல் வரை இறங்கி, ஆக்சிஜனில் இருக்கிறார். ரத்தம் கட்டாமலிருக்க முதல் நாளிலிருந்தே சின்ன டோஸ் ஹெப்பாரின் ஊசி போட்டுவருகிறோம். அந்தத் தைரியத்தில், படுத்தே கிடந்தால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

இன்று காலை அவருக்குத் திடீரென்று மூச்சு வாங்கியது. ஸ்கேனில் தொடையில் ரத்தக்கட்டு, நுரையீரலிலும் சின்னதாக ஒன்று. முழு டோஸ் ஊசி போட வேண்டும். ஆனால் போன வருடம் குடல்புண்ணில் ரத்தம் போன மனிதர்.

மரகதம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன்.

"ரத்தத்த எளக வெச்சா மறுக்கா வயித்துல கசியாதுங்களா?"

"கசியலாமுங்க. ஆனா ஊசி போடாம விட்டா அதவிட ஆபத்து."

வீங்கிய காலைப் போர்வையால் மூடிவிட்டார். "சரிங்க, போடுங்க. நீங்க பக்கத்துலயே இருங்க."

இருந்தேன். சாயங்காலம் வரை எங்கும் ரத்தம் கசியவில்லை. ஆக்சிஜனைக்கூடக் கொஞ்சம் குறைக்க முடிந்தது.

கிளம்பும்போது, "நேத்து நீங்க சொன்னப்பவே நான் பார்த்திருக்கோணுங்க" என்றேன்.

"அதான் இன்னிக்குப் பாத்துப்போட்டீங்களே" என்று அவர்தான் என்னைத் தேற்றினார்.

கேஸ் ஷீட்டில், வீக்கம் தெரிந்தது இன்று என்றுதான் எழுதியிருக்கிறேன். யாரும் கேட்கப்போவதில்லை. காலையில் போனதும், மனைவி நேற்றே சொன்னதையும் நான் பார்க்காமல் விட்டதையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.