மூன்று மணித்தியாலம் நீண்ட நோன்பு

அன்பு மச்சானுக்கு ஸலாம்.

குவைத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். "பஸ்ஸுல மகாஓயா தாண்ட முன்னமே வாந்தி எடுக்கிறவ, நோன்போட கடல் தாண்டப் போறாவாம்" என்று சிரித்தீர்களே? கல்முனையிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் பத்து மணித்தியாலம். மூன்று தரம் வாந்தி எடுத்தேன், ஒளிக்கவில்லை. மறுநாள் கொழும்பிலிருந்து குவைத்துக்கு விமானத்தில் ஐந்தே மணித்தியாலம். ஒருதரமும் இல்லை!

இன்னும் கேளுங்கள். நீங்கள் கட்டிவிட்ட மணிக்கூட்டில் ஆறு இருபது, ஊரில் நோன்பு திறக்கும் நேரம் ஆனதும், பக்கத்து சீட்டில் இருந்த நிந்தவூர் ராத்தா ஒருவர் பேரீச்சம்பழத்தை வாய்க்குக் கொண்டுபோனார். கையைப் பிடித்துவிட்டேன்.

"பொறுங்க ராத்தா! ஜன்னலப் பாருங்க, பொழுது இன்னும் படல்ல."

நாங்கள் மேற்கே பறக்கப் பறக்க, சூரியனும் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. இறங்கிய பிறகும் மறையவில்லை. விமான நிலையத்தில் பாங்கு கேட்டு நோன்பு திறந்தபோது உங்கள் மணிக்கூட்டில் ஒன்பதேகால். நீங்கள் கஞ்சியும் குடித்து, தறாவீஹும் தொழுது முடித்திருப்பீர்கள்.

பிரயாணத்தில் நோன்பை விடலாம் என்று எனக்கும் தெரியும். விடவில்லை. இந்த வருசம் ஊரிலேயே ஆக நீளமான நோன்பு என்னுடையது, மச்சான். பள்ளிவாசலில் எல்லாரிடமும் சொல்லுங்கள்.

உம்மா எவ்வளவு தூரத்தில் என்று சின்னவள் கேட்டால், ஐந்து மணித்தியாலம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பஸ்ஸில் மட்டும் வாந்தி எடுக்கும்
உங்கள் பெண்சாதி