ஆளுக்கொரு பழைய துணி

பிப்ரவரி 2

பெயர் கொடுத்துவிட்டேன். வெளிநாட்டில், வைத்தியரே இல்லாத ஊர்களில் நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கப் போகும் குழு. நாயைக் கண்டால் தெருவின் அடுத்த பக்கம் போகிறவள் நான். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "உனக்கு எதுக்குக்கா இந்த வேலை?"

எதற்கு? குழுவின் டாக்டர் என் மகள். அவள் அப்பா இறந்தபோது வந்தவள், மூன்று வருடமாக இந்த வாசற்படி ஏறவில்லை. லீவு கிடைத்தால் ஏதாவது ஒரு ஊரில் நாய்க்கு ஊசி போடப் போய்விடுகிறாள். நாய்க்குக் கிடைக்கிற நேரத்தில் எனக்கும் கொஞ்சம் கிடைக்காதா என்றுதான்.

பிப்ரவரி 9

போனில் அவளிடம் சொன்னேன். "அங்க நான் டாக்டர். நீ உதவிக்கு வர்றவங்கள்ல ஒருத்தி. அம்மான்னு சலுகை எல்லாம் கிடையாது, சரியா?" என்றாள்.

வராதே என்று சொல்லவில்லையே. அது போதும்.

மார்ச் 4

வந்து சேர்ந்தோம். மொத்தமே ஏழு பேர். இரண்டு டாக்டர்கள், மீதிப் பேர் என்னைப் போல ஊர் பார்த்த மாதிரியும் ஆச்சு, உதவின மாதிரியும் ஆச்சு என்று வந்தவர்கள். ஒருவர் பல் டாக்டர். எந்த நாய் கொட்டாவி விட்டாலும் குனிந்து உள்ளே பார்க்கிறார். இந்த ஊர்ப் பேச்சை எங்களுக்குச் சொல்வது வேன் ஓட்டுகிறவர்தான்.

விமான நிலையத்தில் மகள் என்னைக் கட்டிப்பிடித்தாள். எல்லாரையும்தான் கட்டிப்பிடித்தாள். எனக்குக் கொஞ்சம் கூடுதலா? இருந்தது போலத்தான் இருந்தது. இளைத்திருக்கிறாள். கேட்டால், "அப்படியேதாம்மா இருக்கேன்" என்று தாடையைச் சொறிகிறாள், அப்படியே அவள் அப்பா.

மார்ச் 5

முகாம், பூட்டிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில். வகுப்பறை மேசைகளைச் சேர்த்துப் போட்டு ஆபரேஷன் மேசை. பொழுது விடியும் முன்பே வாசலில் வரிசை. கயிற்றில் நாய், கூடையில் பூனை, ஒருவர் கோட்டுக்குள் ஏதோ நெளிகிறது.

எனக்குக் கிடைத்தது மூலை. கருத்தடை முடிந்து மயக்கத்தில் வருகிற நாயைப் பாயில் படுக்கவைத்து, விழிக்கும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும். அது நாளைக்கு. இன்று பரிசோதனையும் பதிவும். "ஆளுக்கொரு பழைய துணி, வீட்டுல இருந்து வாங்கி நம்பர் கட்டி வைம்மா" என்று மகள் ஓடுகிற ஓட்டத்தில் சொல்லிவிட்டுப் போனாள். எதற்கென்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாயில் விரிக்கத்தான் என்று நினைத்தேன்.

துணியா அவை? அழுக்கு பனியன், எண்ணெய்ப் பிசுக்குத் தலையணை உறை. தையற்கடை நடத்துகிற ஒருத்தி, தன் கறுப்பு நாயோடு வந்து, கிழிந்த பழைய கவுன் ஒன்றைக் கொடுத்தாள். மூக்கைத் திருப்பிக்கொண்டு வாங்கினேன்.

சாயங்காலம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் சோப்பையும் வாளியையும் எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். அத்தனையையும் கும்மி, அலசி, காயப்போட்டேன். நல்ல காற்று, சீக்கிரமே காய்ந்துவிட்டது. மடித்து நம்பர் வாரியாக அடுக்கியும் ஆயிற்று. இடுப்பு கழன்றுவிட்டது. இருந்தாலும் காலையில் அவள் பார்க்கட்டும். அம்மா வந்தது வீண் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா?

மார்ச் 6

என்னத்தச் சொல்ல.

முதல் நாய் விழித்தது. துணியில் மூக்கை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது, பிறகு ஊளையிட ஆரம்பித்தது. இரண்டாவதும் அப்படியே. தையற்காரியின் கறுப்பு நாய் கண் திறந்ததும் சுவரில் போய் மோதி, புரண்டு, தையலைப் பிரித்துக்கொண்டது. பாயெல்லாம் ரத்தம். திரும்ப மேசைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

தையல் போட்டுவிட்டு மகள் வந்தாள். அந்தக் கவுனை எடுத்து முகர்ந்தாள்.

"இத யார் துவைச்சது?"

"நான்தான். நாத்தம் தாங்கல, அதான்..."

"அந்த நாத்தத்துக்குத்தாம்மா வாங்கச் சொன்னேன். முழிக்கிறப்போ சுத்தி எல்லாம் புது ஆளுங்க. வீட்டு வாசனை இருந்தாத்தான் பயப்படாம இருக்கும்."

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. திரும்பிப் போகப் போனவள் நின்று, என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அப்பா துணியையும் இப்படித்தான் பண்ண. பிளைட் லேட்டாகி நான் வந்து அலமாரியைத் திறக்கிறேன், எல்லாம் சோப்பு வாசனை. ஒரே ஒரு சட்டையை விட்டு வச்சிருக்கலாம்."

அப்போ இதுதானா? மூணு வருஷமா இதுதானா உனக்கு?

அன்னைக்கு வீடு நிறைய ஆளுங்க. எனக்குக் கை சும்மா இருக்கல. அவர் கழட்டிப் போட்ட சட்டை நாற்காலில கெடக்கு, அதப் பார்க்க முடியல — ஏதாவது செய்யணும்ல. எனக்கு மட்டும் அந்த வாசனை வேண்டாமா? வேணும்னு புத்திக்கு எட்டறதுக்குள்ள எல்லாம் கொடியில காயுது. தலையணை உறையைக்கூட விடல. எத்தனை ராத்திரி அந்த உறையில முகத்த வச்சுத் தேடியிருக்கேன், இவளுக்கு என்ன தெரியும்.

மார்ச் 7

கறுப்பு நாய்க்கு ஆபத்தில்லை. தையற்காரி வந்ததும் வேன்காரரைக் கூட்டிக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றி நாயின் மூக்கடியில் வைத்தாள். "என் வேர்வை முழுக்க இதுலதான் இருக்கு, இத வச்சுக்கட்டும்னு சொல்றாங்க" என்றார் வேன்காரர். நாய் அதன் மேல் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியது.

இன்று வந்தவர்களிடம் நானே வாசலில் நின்று கேட்டேன். தொப்பி, காலுறை, எது கொடுத்தாலும் மூக்கைத் திருப்பாமல் வாங்கினேன். பைக்கில் பூனையோடு வந்தவரிடம் துணி ஏதும் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தார். மயக்கம் தெளிந்த பூனை அதற்குள் தலையை விட்டு, இரண்டு சுற்று முகர்ந்து, அங்கேயே சுருண்டுகொண்டது. பல் டாக்டருக்கு ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹெல்மெட்டை யார் துவைப்பார்கள்?

உடனே தம்பிக்குப் போன். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை இப்போது அவன்தான் ஓட்டுகிறான்.

"மாமா ஹெல்மெட் எங்கடா? நீ போட்டுக்கிறியா?"

"என் தலைக்கு எங்க ஏறுது? அன்னைக்கே பரண்ல தூக்கிப் போட்டுட்டேன். ஏன்க்கா, துடைச்சு வைக்கவா?"

"தொட்டே, கையை உடைச்சிருவேன். ஒரு கவர்ல போட்டுக் கட்டி வை."

மகளிடம் சொல்லவில்லை. அதில் ஒன்றுமே மிச்சமில்லாமல் போயிருந்தால்?

மார்ச் 10

முகாம் முடிந்தது. கடைசி நாய் விழிக்கும்வரை மகள் என் மூலையில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அலுப்பில் தோளில் சாய்ந்தாள். தூங்கினாளா, சும்மா இருந்தாளா தெரியாது. தோள் மரத்துப் போயிற்று. அசையவில்லை.

விமான நிலையத்தில் பிரியும்போதுதான் வாய் வந்தது. "அப்பா ஹெல்மெட் இருக்கு. பரண்ல. துவைக்கல."

தாடையைச் சொறிந்தாள்.

மார்ச் 12

தம்பி கொண்டுவந்து கொடுத்தான். கவர் மேல் கவர் போட்டுக் கட்டியிருக்கிறான். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிச்சில் கை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து... ஒரே ஒரு தடவை, யாருக்குத் தெரியப்போகிறது?

திறந்தால் கொஞ்சம் போகும். எவ்வளவு மிச்சமிருக்கிறதோ, அது அவளுக்கு இருக்கட்டும். அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தம்பியிடமே கொடுத்தனுப்பினேன். என்னை எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 16

மகள் போன் செய்தாள். கறுப்பு நாய் தையற்கடை வாசலில் மல்லாந்து படுத்திருக்கிற படம் அனுப்பியிருக்கிறாள். ஹெல்மெட்டைப் பற்றிப் பேசவில்லை. எப்போது வருகிறாய் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால்தான் என்ன? கேட்டிருக்கலாம்.

மே 3

வருகிறாளாம்.

மே 18

பையைக் கூட இறக்கவில்லை. "ஹெல்மெட் எங்கம்மா?" என்றாள். தம்பி சாவியோடு தயாராக நின்றான்.

அவளே முடிச்சை அவிழ்த்தாள். முகத்தை உள்ளே விட்டுக்கொண்டு அப்படியே நின்றாள். நான் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாசனை இல்லை என்று சொல்லிவிடுவாளோ?

"இருக்கும்மா" என்றாள் உள்ளிருந்தே. பிறகு தலையை எடுத்து என்னைப் பார்த்தாள். "வா. நீயும்."

தலையெண்ணெய், வேர்வை, கொஞ்சம் பெட்ரோல். அவரேதான். இவ்வளவு நாளாய் பரணில்தான் இருந்தீர்களா என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அவளும் அழுதாள், நானும் அழுதேன். தம்பி வெளியே போய் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கவரை இறுக்கிக் கட்டினாள். "போதும். மிச்சம் அடுத்த தடவைக்கு."

அடுத்த தடவை என்றாள்.

மே 30

காலையில் கிளம்பிப் போய்விட்டாள். வழக்கம்போல வாளியில் தண்ணீர் பிடித்துவிட்டு, ஊறவைக்க அழுக்குத் துணி எடுக்கப் போனேன். கதவுக்குப் பின்னால் கொக்கியில் அவளுடைய பச்சைச் சட்டை, நேற்று முழுவதும் போட்டிருந்தது. கையில் எடுத்தேன்.

திரும்ப அதே கொக்கியில் மாட்டிவிட்டேன். தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன்.