நயினாருக்கு என் கையால் அரிசி

பெப்ரவரி 3, செவ்வாய்
லண்டனில் விடாத மழை. காலை ஷிப்ட். டூட்டிங்கில் கத்தரிக்காய் வாங்க மறந்து, வீட்டில் மனைவி தவத்திடம் பேச்சு வாங்கினேன்.
மத்தியானம் போன். கிங்ஸ்பரியிலிருந்து குமார், ஊரில் எங்கள் எசமான் நயினாரின் மகன். இங்கே அவனோடு இருந்த நயினார் போய்விட்டாராம். அப்பா, அப்பாவின் அப்பா, எல்லோரும் அந்த வீட்டு அடிமைகள். முப்பது வயது வரை நானும்.
"ராசு, சுடலைக்கு விறகு அடுக்கிறது உங்கட ஆக்கள்தானே. இஞ்ச விறகு இல்லை. ஒரு சந்தனக் கட்டையைப் பெட்டிக்குள்ள வைச்சுவிடு. முறைக்கு."
என்னைவிடப் பத்து வயது இளையவன். "பாப்பம்" என்றேன். என் வாயை அடிக்க வேண்டும்.

பெப். 4, புதன்
தவம்: "அந்தக் கட்டையைத் தொட்டியள் எண்டால் இந்த வீட்டிலை சோறு இல்லை."
பஸ் ஓட்டும்போதெல்லாம் போர்க்கால நினைவு. விடுதலை, விடுதலை என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. நயினாரின் வளவில் பதுங்குகுழி வெட்டியது நான். ஷெல் விழும்போது உள்ளே அவர்கள். வெளியே பனையடியில் நாங்கள். இயக்கப் பொடியன் ஒருவன் வந்து, நாடு கிடைத்தால் எல்லாருக்கும் விடுதலை என்றான். கேட்டேன்:
"தம்பி, அண்டைக்கு நான் இந்தக் குழிக்குள்ள இறங்கலாமோ?"
தலையைக் குனிந்துகொண்டு போனான், பாவம். எனக்கு விடுதலை என்றால் அந்தக் குழிதான். கொடியும் இல்லை, பாட்டும் இல்லை.

பெப். 5, வியாழன்
லீவு. கிங்ஸ்பரிக்குப் போய்த் துக்கம் விசாரித்தேன். கேட்டைத் திறந்ததும் கால் தன்பாட்டில் பக்கத்து ஒழுங்கையால் பின்பக்கம் போய்விட்டது! ஊரில் அந்த வீட்டில் எங்களுக்குப் பின்வாசல்தான். குப்பைத் தொட்டிகளுக்கு முன்னால் நிற்கிறேன். சீ! முப்பது வருடம் லண்டனில் இருந்த மனிதன். அப்படியொரு கோபம் என்மேல்.
திரும்பி வந்து முன்கதவு பெல். இரண்டு தரம் அடித்தேன்.
நயினாரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ராசு, நீ எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி" என்றார். தேத்தண்ணி தந்தார்கள். குடித்தேன்.

பெப். 8, ஞாயிறு
வெயில், ஆனால் குளிர். கறுப்புக் கோட். தவம் அயன் பண்ணித் தந்தாள்.
மண்டபத்தில் நூறு பேர் இருக்கும். பெட்டி திறந்திருந்தது. குமார் எல்லார் முன்னாலும் கட்டையை நீட்டினான்.
"ஏலாது, குமார்."
குரல் நடுங்கவில்லை. எழுதி வைக்கிறேன், நடுங்கவில்லை.
"என்ன ராசு, கடைசி நேரத்திலை?"
"அம்மா என்னைப் பிள்ளை மாதிரி எண்டவ. பிள்ளையள் வாய்க்கரிசி போடுறவை. நானும் போடுறன். இல்லையெண்டால் இப்பவே வீட்டை போறன்."
பின்னால் யாரோ: "இவனுக்கு வந்த துணிவைப் பாருங்கோவன்!" ஓம், வந்ததுதான். பிந்தி வந்தது.
குமார் முகம் கறுத்து நின்றான். அம்மாதான் எழும்பினார். அரிசிக் கிண்ணத்தைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார்.
"போடுங்கோ, ராசு."
மூன்று தரம் போட்டேன். என் கை பட்ட செம்பில் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை அந்த வாய்.