மாஹே தீவில் இறங்கிய பகல்

தாராவி, பம்பாய்
பிப்ரவரி 1966

அன்பு மகள் செண்பகவல்லிக்கு அம்மா எழுதுகிறேன். திருச்செந்தூரான் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நோய்நொடி இல்லாமல் வீடு வந்து சேர்ந்தோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே அதேபோல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். குழந்தைக்கு நெஞ்சில் சளி என்று எழுதியிருந்தாய், ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடு, ஜாம்ஷெட்பூர் குளிரில் காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே. நாங்கள் இல்லாதபோது வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு மெஹராஜிடம்தான் இருந்தது, பெருக்கித் துடைத்து வைத்திருந்தாள், இந்த மாசம் அவள் மகளுக்கு நிக்காஹ், ஒரு சேலை எடுக்க வேண்டும்.

கப்பலில் உல்லாசமாகப் போய் வந்தீர்களே, எப்படி இருந்தது, அப்பா ஏன் கார்டில் ‘நலம்’ என்று மட்டும் போட்டார் என்று கேட்டிருந்தாய். அவரிடம் கேட்காதே, நான் சொல்கிறேன். அப்பாவின் கப்பல் கம்பெனியில் ரிட்டையர் ஆகிறவர்களுக்குக் கப்பலில் இடம் கொடுத்து மொம்பாசா வரைக்கும் போய்த் திரும்ப விடுவார்கள் என்பது உனக்குத் தெரியும், நானோ எனக்கு வேண்டாம், அந்தத் தண்ணீரை நான் பார்க்க மாட்டேன் என்று அழுதேன். உன் தம்பி வெயிலுமுத்துவைக் கொண்டுபோன தண்ணீர் அல்லவா. அப்பா கேட்கவில்லை. டாக்கில் காலமெல்லாம் கப்பலுக்கு அடியில் கிடந்து வேலை செய்தேன், ஒரு தடவையாவது மேலே உட்கார்ந்து போகிறேனே என்றார். புறப்பட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. வெள்ளைக்காரக் குடும்பங்களும் குஜராத்திக் குடும்பங்களும் மேல்தட்டில் சீட்டு ஆடுகிறார்கள், பாட்டுப் போடுகிறார்கள், உங்கப்பா மட்டும் கப்பலின் பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால், “நீ போ, இங்கன யாராவது ஒருத்தர் நிக்கணும்லா” என்கிறார். முத்துவை அந்தக் கப்பல் வேலையில் சேர்த்துவிட்டது அவர்தானே, நாலு வருஷம் முன்னே தந்தி வந்த அன்றிலிருந்து அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, உடம்பைப் பார்க்காமல் காரியம் எதுவும் செய்யமாட்டேன் என்று இருந்துவிட்டாரே.

பிறகு மொம்பாசா போகிற வழியில், நடுக்கடலில் மாஹே தீவு வந்தது. கப்பல் தள்ளி நிற்க, சின்ன லாஞ்சில் எல்லாரையும் கரைக்குக் கொண்டுபோனார்கள், சாயங்காலம் ஊதல் ஊதும்போது திரும்பிவிட வேண்டும். ஊர் அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன், கடலிலிருந்து நேரே எழும்பிய பச்சை மலை, வெயிலடிக்கும்போதே தூறுகிற மழை, காற்றில் கறிக்குப் போடுகிற பட்டை வாசம். ஞாயிற்றுக்கிழமையானதால் ஜனங்கள் வெள்ளை உடுத்தி மாதா கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைத்தெருவில் ஒரு துணிக்கடை, பூட்டியிருந்தது, வாசலில் நின்றவர் எங்களைப் பார்த்ததும் தமிழில் கூப்பிட்டார். காயல்பட்டினத்துக்காரராம், அப்துல் ரவூப் என்று பெயர். “நம்ம பக்கத்து ஆளுகளப் பாத்து எம்புட்டு நாளாச்சு, ஒரு வாய் சாயா குடிச்சுட்டுப் போங்க அண்ணாச்சி” என்று உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்தார். அப்பாவும் சிரித்துப் பேசினார், நான் கொஞ்சம் நிம்மதியானேன்.

சாயா பாதி குடித்திருப்பார், வாசலுக்கு நேரே ஒருத்தன் போனான். செண்பகம், நானும் பார்த்தேன். இடது தோளைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, காலைத் தேய்த்து நடக்கிற, நம் முத்துவின் நடை. அப்பா கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன், என் செருப்பு அறுந்துவிட்டது, அதை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். கடற்கரை ரோட்டில் அவர், “ஏலே முத்து, நில்லுலே” என்று கத்தின சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அவன் திரும்பினான். முத்து இல்லை. அந்த ஊர் மீன்காரன், நல்ல கறுப்பு, சுருட்டை முடி. அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவேயில்லை. அந்தப் பிள்ளைக்குக் கோபம் வரவில்லை, ஒரு கையை அவரிடம் விட்டுவிட்டு நின்றான். ரவூப் அண்ணன் மூச்சு வாங்க வந்து அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார், மகனைக் கடலில் தொலைத்தவர்கள் என்று சொல்லியிருப்பார் போல. அவன் முகம் மாறிப்போய் என்னவோ சொன்னான். ரவூப் அண்ணன் அதை எங்களிடம் சொல்ல யோசித்தார். நான்தான், எதுவானாலும் சொல்லுங்க என்றேன்.

மூன்று வருஷமோ நாலு வருஷமோ ஆகிறதாம், பெருங்காற்று அடித்த மறுநாள் மலைக்கு அந்தப் பக்கத்துக் கரையில் ஒரு ஆளின் உடம்பு ஒதுங்கியதாம். முகம் இல்லையாம். இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு மட்டும் இருந்ததாம். இவனும் இவன் அண்ணனும் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தார்களாம். அப்பா உடனே, “அவன்தான்” என்றார். முத்துவுக்கும் நான்தான் கயிறு கட்டிவிட்டேன், இல்லை என்று எப்படிச் சொல்வேன். ஆனால் கப்பலில் வேலைக்குப் போகிற எந்தப் பிள்ளை இடுப்பில் அது இல்லை, மலையாளத்துப் பிள்ளையும் கட்டுகிறது, கொங்கணிப் பிள்ளையும் கட்டுகிறது.

ரவூப் அண்ணன் யாரிடமோ கார் கேட்டு வாங்கி எங்களையும் மீன்காரனையும் மலை தாண்டிக் கூட்டிப்போனார். சின்னக் கோயில், அதற்குப் பின்னால் தென்னைகளுக்கு நடுவில் ஒரு மண்மேடு, சுற்றிலும் வெள்ளைச் சங்கு பதித்து, பெயர் எழுதாத ஒரு சிலுவை. மீன்காரனுடைய தாய் வருஷம் தவறாமல் பூ வைக்கிறாளாம், நாங்கள் வந்ததைக் கேட்டு அவளும் வந்து நின்றாள். அப்பா அதன் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணைத் தடவிக்கொண்டே இருந்தார். நானும் கை வைத்துப் பார்த்தேன். என் வயிறு எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை, செண்பகம். கடல் சத்தம்தான் கேட்டது.

பொழுது சாய்ந்தது, புறப்பட வேண்டும் என்று ரவூப் அண்ணன் சொன்னார். அப்பா எழுந்திருக்கவில்லை. “ஏளா, நீ போ. அவனத் தனியா விட்டது போதும். நான் இங்கனயே கெடக்கேன்” என்றார். அவர் சொன்னால் செய்கிறவர் என்பது உனக்குத் தெரியும். தெரியாத தேசத்தில் அவரை விட்டுவிட்டு நான் எங்கே போவேன், அவரோடு இருந்துவிட்டால் உன்னை எப்போது பார்ப்பேன். அவர் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து சொன்னேன், “நம்ம பிள்ளையோ, எவ பெத்த பிள்ளையோ, இவனுக்கு இன்னைக்கு ஒரு அப்பன் வந்திருக்கான். செய்ய வேண்டியதச் செய்யுங்க, செஞ்சிட்டு எந்திரிங்க. கெடந்து காவல் காக்கதுக்கா அவனப் பெத்தோம்.” மண்ணிலிருந்து கையை எடுத்தார். பிறகு சட்டையைக் கழற்றினார். ரவூப் அண்ணன் எங்கிருந்தோ அரிசியும் எள்ளும் வாங்கிவந்து கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றார். அப்பா மண்மேட்டில் தண்ணீர் விட்டார், வாய்க்கு வந்த பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் சொன்னார், கடைசியில் முத்து பெயரைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்து ஓவென்று அழுதார். மீன்காரனின் தாய் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். லாஞ்ச் எங்களுக்காகக் காத்திருந்தது, மேல்தட்டில் எல்லாரும் முறைத்தார்கள்.

அன்றைக்குப் பிறகு அவர் பின்பக்கம் போய் நிற்கவில்லை. இங்கே வந்தும் நன்றாகச் சாப்பிடுகிறார், அசந்து தூங்குகிறார். நான் சொன்னதில் ‘நம்ம பிள்ளை’ என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். டாக்கில் கூட வேலை பார்த்த நம்பிராஜன் அண்ணனிடம், தாணேயில் உன் மாமாவிடம், எல்லாரிடமும் மகன் கிடைத்துவிட்டான், நல்ல மண்ணில் கிடக்கிறான் என்று சொல்கிறார்.

எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. முத்து என் கனவில் வருவதில்லை. யாரோ ஒரு பொம்பளை வருகிறாள். மத்தியானம் கண் அயர்ந்தால் போதும், வாசலில் வந்து நிற்கிறாள், முகம் தெரிவதில்லை, என்ன பாஷை என்றும் தெரியவில்லை, ஆனால் கேட்பது மட்டும் புரிகிறது. என் பிள்ளைக்கு நீ ஏன் உன் பிள்ளை பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்டாய் என்று கேட்கிறாள். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பேன், விழித்துக்கொள்வேன். அவள் எந்த ஊரில் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ. நம் முத்து வேறு கரையில் ஒதுங்கியிருந்தால் அவனுக்கும் யாராவது எந்தப் பெயரையாவது சொல்லியிருப்பார்களா என்று நினைக்கிறேன், அப்போது அவள்மேல் பயம் போய், அவளை உள்ளே வந்து உட்காரச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

சித்திரையில் அப்பா உன்னைப் பார்க்க வருவார். தம்பியைப் பற்றிச் சொன்னால் ஆமாம் என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே, கேட்டுக்கொண்டு சோறு போடு. மாப்பிள்ளையிடமும் சொல்லிவை. குழந்தைக்கு ஒத்தடம் மறக்காதே. நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுசோடும் குறையில்லாத சுகத்தோடும் இருக்க வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்துவிட்டார். யாருக்கு என்று கேட்டார், செண்பகத்துக்கு என்றேன். “தம்பியப் பாத்துட்டு வந்தத எழுதிட்டியா” என்றார். எழுதிவிட்டேன் என்றேன்.

உன் அம்மா,
சண்முகவடிவு