பாலத்தைப் பற்றி ஒரு வரி இல்லை

9-11-1995

இரண்டு நாளாக விடாத மழை. பேப்பர் நனைந்து வந்தது. அடுப்பு மேல் காட்டிக் காயவைத்துத்தான் படித்தேன். மாப்பிள்ளை சிவகணேஷுக்குச் சிரிப்பு. “அதுல உள்ளதெல்லாம் நெசம்னு நம்புதீங்களா மாமா?” அச்சில் ஏற்றுகிறவனுக்கு ஒரு பொறுப்பு இருக்கும் என்றேன். கூட்டுறவு வங்கியில் தலை நரைத்தவன் நான். உரக்கடை வைத்திருக்கிற மாப்பிள்ளைக்கு எதிலும் விளையாட்டு.

15-11-1995

மாப்பிள்ளை போய்விட்டார். வாய்க்கால் பாலம். மகள் மதுமதியை எப்படிப் பார்ப்பேன்? எழுத முடியவில்லை.

17-11-1995

“குடிபோதையில் ஸ்கூட்டர் ஓட்டியவர் வாய்க்காலில் விழுந்து பலி.” மூன்றாம் பக்கம். நான் வாங்குகிற பேப்பர்.

போன வருஷம் கட்டிய பாலம் அது. ஆளுங்கட்சியின் ஒன்றியச் செயலாளர் செல்வமணியின் மச்சினன் எடுத்த கான்ட்ராக்ட். ஸ்கூட்டர் ஏறியதும் ஒரு பக்கம் அப்படியே சரிந்ததை, வயலில் நின்றவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். பாலத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதைவிடக் கேவலம் நான் செய்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய் மகளிடம் கேட்டேன்: “ஏம்மா, மாப்பிள்ளைக்கு அந்தப் பழக்கம் உண்டுமா?”

மதுமதி என்னையே பார்த்தாள். “அவுக தலைய மடியில வச்சிருந்தது நீங்கதானப்பா. சாராய நாத்தம் அடிச்சுதா?”

அடிக்கவில்லை. சேற்று வாடைதான். எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் கேட்டேன்? என் மூக்கைவிட அந்தத் தாளையா நம்பினேன் —

23-11-1995

அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிருபர் தானியேலைப் பிடித்தேன். “போலீஸ் சொன்னதப் போட்டேன் அண்ணாச்சி. நேர்ல போய்ப் பாக்கல.” பாலத்தைப் பற்றி? “எழுதினா மேல வெட்டிருவாங்க. செல்வமணி எவ்வளவு விளம்பரம் குடுக்காருன்னு ஒங்களுக்குத் தெரியாது.” திருத்தமாவது போடு என்றேன். தலையைச் சொறிந்தான். டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன். வெட்கம் கெட்டவன் நானும்.

வீட்டில் மதுமதி சாப்பாடு போடுகிறாள். பேச்சு இல்லை.

4-12-1995

செல்வமணி துக்கம் கேட்க வந்தான். “தங்கச்சிக்குச் சத்துணவுல ஒரு வேலை சொல்லி வச்சிருக்கேன் அண்ணாச்சி. நடந்தது நடந்துபோச்சு. கலெக்டர் ஆபீஸ், அங்கன இங்கனன்னு அலையாண்டாம்.”

மதுமதி உள்ளேயிருந்து வந்தாள். “அவுக குடிக்கலன்னு பேப்பர்ல போடச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“பேப்பர்காரன் எம்பேச்சையா கேப்பான்?” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். கேட்க மாட்டானாம்!

11-1-1996

பாலத்தில் சிமெண்டைப் பூசி மூடிவிட்டார்கள். “துரித நடவடிக்கை: பொதுமக்கள் பாராட்டு.” எந்தப் பொதுமக்கள்? பேப்பரை நிறுத்திவிட்டேன்.

20-5-1996

ஆட்சி மாறிவிட்டது. செல்வமணியின் துண்டுக் கரையும் மாறிவிட்டது.

27-9-1996

பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலுக்கு மதுமதி மனுக் கொடுத்திருக்கிறாள். எதிரே செல்வமணி. “ஒனக்கென்ன பைத்தியமாட்டி? ஜெயிப்பியா?” என்று கத்திவிட்டேன்.

“ஜெயிக்க மாட்டேன். சும்மா போய்க் கதவத் தட்டினா எவ நின்னு கேப்பா? ஓட்டுக் கேக்க வாறவ சொல்லுதத நின்னு கேட்டுத்தான ஆகணும்.”

6-10-1996

நானும் கூடப் போகிறேன். பூட்டு சாவி சின்னம். ரோடு, தண்ணீர் என்று அவள் வாய் திறப்பதில்லை. “எங்க வீட்டுக்காரக குடிக்கல. பாலம் சரிஞ்சுதான் விழுந்தாக.” அவ்வளவுதான் பிரசாரம். பேப்பர் போடாத திருத்தத்தை வீடு வீடாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

கீழத்தெருவில், நடவுக்குப் போகிற அன்னத்தாய் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். “பேப்பர்ல அப்படித்தான போட்டிருந்தாக? நீங்களே மககிட்டக் கேட்டியளாமே, அண்ணாச்சி?”

ஊருக்கே தெரிந்திருக்கிறது. மதுமதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. நான்தான் அவரத் தூக்கினேன். அவரு குடிக்கல” என்றேன். அடுத்த வீட்டில் மதுமதி என்னை முதலில் பேச விட்டாள்.

15-10-1996

தோற்றுவிட்டாள். டெபாசிட்டும் போயிற்று. செல்வமணிக்கு மாலை, வேட்டு, ஊர்வலம்.

சாயங்காலம் ஊர்வலம் வாய்க்காலுக்கு வந்ததும் நின்றது. ஆட்கள் பாலத்தில் நடந்து தாண்டினார்கள். செல்வமணி நின்றிருந்த ஜீப் மட்டும் பையப் பின்னால் போய்த் திரும்பி, மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு வெகுநேரம் கழித்து அக்கரைக்கு வந்து சேர்ந்தது. அதுவரை கொட்டுக்காரர்களும் சும்மா நின்றார்கள். இரண்டு கரையிலும் ஊர் நின்று பார்த்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

நாளைப் பேப்பரில் இது வராது.

“பாத்தீங்களாப்பா?” என்றாள் மதுமதி. அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று.

பார்த்தேன்.