முதல் ஊரின் முதல் ஆள்

மச்சான்,

நேற்று உன் கம்ப்யூட்டரைப் போட்டதும் சூடேறிய தூசியின் வாசனை வந்தது. மாதக்கணக்கில் யாரும் தொடாத பெட்டி. உள்ளேயிருக்கும் விசிறி முதலில் கொஞ்சம் முனகிவிட்டு, பிறகு வழக்கம்போல் இரைய ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் "வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு" என்பாய். நேற்று அதைச் சொல்ல ஆளில்லை. பக்கத்தில் உன் ஜெனிதான் நின்றிருந்தாள், கையில் துடைக்கிற துணியோடு.

"சர்ச் ஆபீசுக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன் அண்ணா. உள்ள இருக்கறத எல்லாம் அழிச்சுக் குடுத்துடுங்க" என்று போனில் சொல்லியிருந்தாள். வாரம் முழுக்க சிறுசேரி ஆபீசுக்குப் போய்வந்து அலுத்த உடம்பு. சனிக்கிழமையும் வெளியே கிளம்ப மனசில்லை. ஆனால் உன் மனைவி கூப்பிட்டு வராமல் இருக்க முடியுமா? சேலையூரில் உன் வீட்டு மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. எனக்கு வயதாகிறது. நீ அந்த வம்பிலிருந்து தப்பித்துவிட்டாய்.

உன்னைப்போல் கம்ப்யூட்டர் கேம் தேர்ந்தெடுப்பவனை நான் பார்த்ததில்லை. படம் எப்படி, சண்டை எப்படி என்று ஊரே பார்க்கும். நீ கேமுக்குள் முதல் ஊரில் எதிர்ப்படும் முதல் ஆளிடம், திரையில் வரும் பதில்களில் எடுத்தெறிந்து பேசுவதை வேண்டுமென்றே அழுத்துவாய். பிறகு கேமைப் பழைய இடத்துக்குத் திருப்பி, அதே ஆளிடம் தன்மையாகப் பேசிப் பார்ப்பாய். இரண்டுக்கும் அவன் ஒரே பதிலைச் சொன்னால், அந்த கேமை அப்போதே அழித்துவிடுவாய். தேறினால் அடுத்த சோதனை, கேமில் துணைக்கு வருகிறவனை வைத்து. "கூட வர்றவனுக்கு நம்ம மேல கோபம் வரணும் மச்சான். ரொம்பக் கோபம் வந்தா விட்டுட்டுப் போயிடணும். அப்பதான் அவன் ஆளு. இல்லன்னா மூட்டை தூக்கறவன்."

இந்தச் சோதனையை என் ஆபீசுக்கு வைத்திருந்தால் அதையும் என்றைக்கோ அழித்திருக்க வேண்டும். தாராளமாகக் கருத்துச் சொல்லுங்கள் என்பார்கள். பணிந்து சொன்னாலும் பாய்ந்து சொன்னாலும் வருவது ஒரே பதில்தான்.

நான் ஆபீஸ் பஸ்ஸில் மேடவாக்கம் நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து நீ போன் செய்வாய். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தி முடித்து, வீட்டுக்கு வந்து, டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பாய். "ஒரு வியாபாரி வந்து நிக்கிறான் மச்சான். சத்தியம் பண்றான். நம்பலாமா?"

"ஏதோ ஒண்ணச் சொல்லுடா. அவன் பொம்மை."

"பொம்மைதான். ஆனா நான் சொன்னத ஞாபகம் வச்சுக்கறான்ல."

எந்த கேம் ஆனாலும் நீ பெண்ணாகத்தான் ஆடுவாய். வாய் நீண்ட, முன்கோபக்காரப் பெண். ஏன்டா இந்த வேஷம் என்று எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன். "இவளுக்கு பயம் கிடையாது மச்சான். எனக்கு அது வராது" என்பாய். நானும் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவேன்.

பொம்மை வியாபாரிக்கு ஒரு பதில் சொல்ல சாயங்காலம் முழுக்க யோசிக்கிற நீ, வீட்டில் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வைத்திருந்தாய். உன் இஷ்டம். சோபா என்ன நிறம்? உன் இஷ்டம். சாப்பிட என்ன சொல்லட்டும்? உன் இஷ்டம். இந்த வீட்டை வாங்கலாமா வேண்டாமா என்பதற்கும் அதேதான். வெறுத்துப்போய் ஒருமுறை ஜெனி கோவிலம்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கூட்டிவர நாம் இரண்டு பேரும் போனோம். "இப்பவாவது வாயத் திறந்து சொல்லுங்க. நான் வரணுமா வேணாமா?" என்று வாசலில் நின்று கேட்டாள். நீ தலையைச் சொறிந்துகொண்டு, "உன் இஷ்டம் ஜெனி" என்றாய். கையிலிருந்த பையாலேயே உன்னை ஒரு போடு போட்டுவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அன்று சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. இரண்டு வழி இருக்கிறது என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்யலாம், இல்லை மருந்தோடு இழுத்துக்கொண்டு போகலாம். இரண்டிலும் ஆபத்து உண்டு. நீங்களே சொல்லுங்கள் என்றார் உன்னிடம். நீ ஜெனியைப் பார்த்தாய். "உன் இஷ்டம்." அவள் ஆபரேஷன் என்றாள். நீ திரும்பி வரவில்லை. துக்கத்துக்கு வந்த உன் சொந்தக்காரர்கள், அவள் காதில் விழும்படியே பேசினார்கள், "அவதான செய்யலாம்னு சொன்னா." எனக்கு அவர்கள் மேல் கோபம். அதைவிட உன்மேல் கோபம். அந்த ஒரு நாளாவது உன் வாயால் ஒன்றைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். இந்தப் பாரத்தை அவள் தலையில் ஏற்றிவிட்டுப் போய்விட்டாயே என்று நினைத்து நினைத்து அலுத்துப்போயிருக்கிறேன்.

நேற்று அழிக்கப்போகும் நேரத்தில் ஜெனி என்னை நிறுத்தினாள். "ஒரு தடவ காட்டுங்க அண்ணா. என்கிட்ட பேசாம அப்படி யார்கிட்டதான் பேசிட்டிருந்தாருன்னு பாக்கறேன்."

நீ கடைசியாக நிறுத்திய இடத்தைத் திறந்தேன். ஒரு ஊர்க் கிணற்றடி. முடியை இழுத்துக் கட்டிய உன் முன்கோபக்காரி நிற்கிறாள். எதிரே பட்டு உடுத்திய பணக்காரன் ஒருவன், கையில் பரிசுப் பெட்டியோடு. கிணற்றைத் தனக்கு மட்டும் எழுதி வைக்க அவள் சிபாரிசு வேண்டுமாம். அதுவரை அந்த ஊரில் நீ தேர்ந்தெடுத்த பதில்களெல்லாம் ஓரத்தில் வரிசையாகக் கிடந்தன. ஜெனி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். சுற்றி வளைக்காதே, என்ன வேண்டும் சொல். உன் அண்ணன் செய்தது தப்பு, அதை அவன் முகத்துக்கு நேரே சொல்வேன். அழுதது போதும், முதலில் சாப்பிடு, பிறகு திட்டுகிறேன்.

கடைசி வரியில் அவள் விரல் நின்றது. "அண்ணா, இது நான் பேசற மாதிரி இருக்கே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காய்ச்சலோடு மழையில் நனைந்து வந்த என்னை அந்த வீட்டில் உட்கார வைத்து, கஞ்சியைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, அப்புறம் திட்டியவள் அவள். இத்தனை வருஷமும் போனில் கேட்டேன், கிண்டல் செய்தேன், எனக்குப் புரியவில்லை.

"எல்லா கேம்லயும் இப்படித்தானா?"

"நான் பார்த்த வரைக்கும் எல்லாத்துலயும்மா."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "யாரா வேணும்னாலும் இருக்கலாம்னா, என்னையா எடுத்தாரு" என்றாள். துடைக்கிற துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "முடிவெடுக்கத் தெரியாமத்தான் என் தலையில கட்டறாருன்னு நெனச்சேன். அப்ப ஆஸ்பத்திரிலயும்..."

"அவனுக்குத் தெரிஞ்ச நல்ல முடிவு அதுதாம்மா. நீ சொல்றது."

"ஆனா அது தப்பாப் போச்சே அண்ணா."

உன்னிடமாவது இதற்குப் பதில் இருந்திருக்குமா என்று தெரியவில்லை. தாம்பரம் பக்கம் ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போனது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மவுஸைப் பிடித்தாள். பணக்காரனுக்குச் சொல்ல மூன்று பதில்கள் காத்திருந்தன. பரிசை வாங்கிக்கொள்ளலாம், யோசித்துச் சொல்கிறேன் எனலாம், கிணறு எல்லோருக்கும் பொது, பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பு எனலாம். நீயாக இருந்தால் எனக்குப் போன் வந்திருக்கும். அவள் படித்த கையோடு மூன்றாவதை அழுத்திவிட்டாள். பணக்காரனின் முகம் கறுத்துப் போயிற்று.

"அழிக்க வேணாம் அண்ணா" என்றாள். "இருங்க, தோசை ஊத்தறேன். சாப்டுட்டுப் போங்க. உடம்பப் பாத்துக்கறதே இல்ல நீங்க."

இன்று ஞாயிற்றுக்கிழமை. எப்போதோ வாங்கித் தொடாமல் கிடந்த கேம் ஒன்றைச் சாயங்காலம் திறந்தேன். யாராக ஆடப்போகிறாய் என்று கேட்டது. நானாக இருக்க அலுப்பாக இருந்தது. உன்னையே பாத்திரமாகப் போட்டேன். வீரம், தந்திரம், பொறுமை என்று புள்ளிகளைப் பங்கு வைக்கச் சொன்னது. எல்லாவற்றையும் பொறுமையில் கொட்டினேன். உன் சோடாபுட்டிக் கண்ணாடி மட்டும் அதில் கிடைக்கவில்லை.

முதல் ஊர். முதல் ஆள் ஒரு பெண். உன்னோடு நானும் வருகிறேன், ஆற்றைக் கடப்போமா, மலையைச் சுற்றிப் போவோமா என்று கேட்டாள். கீழே மூன்று பதில்கள். டீ ஆறிக்கொண்டிருக்கிறது, நான் இன்னும் எதையும் அழுத்தவில்லை. நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அந்த மூன்றில் அது இல்லை மச்சான்.