வெல்டர் அண்ணன் கட்டின பயறு

அம்மா, நான் நல்லா இருக்கேன். உன் முட்டிவலி தேவலையா?

வயித்தைக் காயப்போடுறியான்னு கேட்டிருந்தே. இல்லம்மா. கடையில சாப்பிட்டா கட்டுப்படியாகாதுன்னு ரூம்ல பக்கத்துக் கட்டில் வெல்டர் அண்ணன் பயறு முளைகட்டக் கத்துக்கொடுத்தார். "காசும் மிச்சம், உடம்புக்கும் தெம்பு"ம்பார்.

போன வாரம் ஊறின பயறைத் துணியில கட்டித் தொங்கவிட்டுட்டு வேலைக்குப் போனவர், கட்டடத்துச் சாரத்திலிருந்து விழுந்து இறந்துட்டார். பயப்படாதே, எனக்குத் தரையிலதான் வேலை. மறுநாள் அந்தப் பயறு ஒண்ணுமே நடக்காத மாதிரி முளைவிட்டிருந்துச்சு. வீணாக்கினா அவருக்கு ஆகாது. உப்புப் போட்டுத் தின்னுட்டேன்.

இப்ப நானும் அதே துணியிலதான் கட்டுறேன். ஆனா பயறே கட்டாத நாள்லயும் காலையில அந்தத் துணி நனைஞ்சிருக்கு.

யாராவது இங்கே வந்தா, தலைமாட்டுல வச்சுக்க நீ கட்டின பழைய புடவையில ஒரு துண்டு கிழிச்சுக் கொடுத்தனுப்பு. துவைக்காம அனுப்பு.

வேலைக்கு வண்டி வந்துடுச்சு.

உன் சின்னவன்